பாசி பிடித்த வாசலுக்கு மின்சாரப் பிரஷர் வாஷர்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் கடலூர், புதுச்சேரி வீடுகளில் பேவர் பிளாக் போட்ட கார் பாதை பாசியேறி வழுக்கும். அதைக் கழுவ, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரில் 1,500 முதல் 1,800 வாட் இயந்திரம் போதும். பெட்டியில் பெரிதாக அச்சிடும் ‘பார்’ (அழுத்த அலகு) கணக்கு உச்ச அழுத்தம்தான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வரும் என்பதையே பாருங்கள். 6 லிட்டருக்குக் குறைந்தால் பாசி பெயரும், சேறு நகராது.

குழாயைத் திறந்து, டிரிக்கரை அழுத்திக் காற்று முழுவதும் வெளியேறிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வறண்டு ஓடினால் பம்பு சீல் போய்விடும். தண்ணீரை விசிறி போல விரித்து அடிக்கும் நாசிலைத் தரையிலிருந்து ஓரடி தள்ளிச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக ஊசி போல அடித்தால் கல் இடுக்கு மணல் பறந்து கற்கள் ஆடத் தொடங்கும். எப்படி அடித்தாலும் கொஞ்சம் மணல் நிரப்பத்தான் வேண்டும்.

மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது: மின்னழுத்தம் இறங்கி மோட்டார் முனகும், சூடேறும். 2.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் பிளக், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம்.

டிரிக்கரை விட்ட பிறகும் மோட்டார் விட்டுவிட்டு ஓடினால் முதலில் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிவைப் பாருங்கள். கடலோர போர் தண்ணீர் உப்பாக இருந்தால், முடித்ததும் இரண்டு நிமிடம் நல்ல தண்ணீர் விட்டு எடுத்து வையுங்கள்.