நிர்வானாவா, பேர்ல் ஜாமா: மதுரை மேடைக்கு எது எடுபடும்?

இரண்டும் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்து ராக் இசைக்குழுக்கள். பேர்ல் ஜாமின் 'டென்' ஆல்பம் 1991 ஆகஸ்ட் 27-ல் வந்தது, நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' செப்டம்பர் 24-ல். பேர்ல் ஜாமை வியாபார ராக் என்று நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் வெளிப்படையாகவே சாடினார். வீட்டில் கேட்க இரண்டுமே வேண்டும். ஆனால் கல்லூரி விழாவுக்கோ மண்டப நிகழ்ச்சிக்கோ பாட்டெடுக்கும் பையன்கள் முதலில் கைவைக்க வேண்டியது நெவர்மைண்டில்தான்.

காரணம் நம்மூர் மண்டபங்கள். பைபாஸ் ரோட்டுப் பக்கம் பாருங்கள்: கிரானைட் தரை, வெறும் சுவர், உயர்ந்த கூரை. சத்தம் அடங்கவே அடங்காது. டென் பதிவிலேயே எதிரொலி தூக்கல். இரண்டு கிட்டாரும் பின்னிப் பின்னி ஓடும் அந்த இசை இங்கே குழம்பிவிடும். (பாகங்களைப் பிரித்துக் கேட்டுப் பழக, எதிரொலியைக் குறைத்து தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ'பிரையன் மறுபடி மிக்ஸ் செய்த 2009 பதிப்பு நல்லது.) நிர்வானா மூன்றே பேர். அடங்கிய சரணம், வெடிக்கும் பல்லவி என்ற அமைப்பு எதிரொலியிலும் தெளிவாக நிற்கும்.

நெவர்மைண்டின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டு வழக்கமான சுதியில், எஃப், பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் என்று நான்கே பவர் கார்டுகள் (இரண்டே சுரம் சேர்ந்த கார்டுகள்). இடது கைக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். சொதப்புவது டிரம்ஸில்தான். சரணத்தில் டிரம்மர் கையை அடக்காவிட்டால் பல்லவிக்கு ஏற வேறு உயரமே இருக்காது, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தும் பயனில்லை. அதே ஆல்பத்தின் 'கம் ஆஸ் யூ ஆர்' பாட்டுக்கு ஆறு கம்பியையும் ஒரு முழு சுரம் இறக்க வேண்டும். 9 கேஜ் மெல்லிய கம்பி தொளதொளத்து இரையும், தடித்த 11 போடுங்கள்.

பேர்ல் ஜாம்தான் வேண்டும் என்றால் திறந்தவெளி மேடையில் வைத்துக்கொள்ளுங்கள். டென்னில் வரும் 'ஈவன் ஃப்ளோ'வில் குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்டோன் காஸர்டின் கிட்டார் ஓப்பன் டி சுதி (விரல் வைக்காமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும்): ஆறாவது, மூன்றாவது, இரண்டாவது, முதல் கம்பிகள் இறங்க வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே அதை மாற்றினால், சித்திரை வெயிலில் சூடேறிய கம்பி சுதியில் நிற்காது. அந்தப் பாட்டுக்கென்றே சுதி சேர்த்த இரண்டாவது கிட்டார் மேடையில் இருக்கட்டும். மைக் செட்காரரிடம் 12 சானல் மிக்சர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிர்வானாவுக்கு 8 போதும். பேர்ல் ஜாம் பாடகர் எடி வெடரின் குரல் கனத்த கீழ்க்குரல். அதற்கு மைக்கில் பேஸை ஏற்றினால் சொல் ஒன்றும் புரியாது, குறைக்கச் சொல்லுங்கள்.