நாகையில் கப்பல் ஏறுவதா, சென்னையில் விமானம் ஏறுவதா: யாழ்ப்பாணமும் அந்தமானும்

சம்பா அறுவடை முடிந்து களத்து வேலை ஓயும் தை, மாசியில்தான் நம் டெல்டா பக்கத்துத் தம்பதிகள் பலருக்கு வெளியூர் யோசனை வரும். ஏதாவது தீவுக்குப் போவோம் என்று பேச்செடுத்தால் இப்போது இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன: அந்தமான், யாழ்ப்பாணம். மாலத்தீவையும் சிலர் சொல்வார்கள். ஒரே ரிசார்ட்டுக்குள் நாலு நாள் ஓய்வெடுக்க அது சரி. ஊர் சுற்றி, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட நினைக்கிறவர்களுக்கு ஒத்துவராது, அதனால் அதை விட்டுவிடலாம்.

போகிற வழியில் நமக்கு யாழ்ப்பாணம்தான் பக்கம். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்தே புறப்படுகிறது. சுமார் நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறை. திருவாரூர், மயிலாடுதுறைக்காரர்கள் சென்னை வரை போய் அலைய வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான இணைய அனுமதியும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். மற்ற நாட்களிலும் கடல் சரியில்லை என்றால் பயணம் ரத்தாகும். திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ், கல்யாணம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தமானுக்கு பாஸ்போர்ட் வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். இறங்கும் ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், பழைய போர்ட் பிளேர்தான். நாகையில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் மனசு சட்டென்று ஊருக்குப் போய்வரும். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்கு இன்னொரு படகு, ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி வரை. ஆளுக்கு ஆள் டிக்கெட், தீவுக்குத் தீவு வண்டி என்று காசு கரைவது இங்கேதான்.

கடலுக்காகவே போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் அந்தமானுக்குப் போங்கள். நம் கரையில் கடல் கலங்கல், ஆற்று வண்டல் கலந்த நிறம். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உங்கள் கால் விரல் தெரியும். 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது அதைத்தான். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு காற்று உருளை மாட்டிக் கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபாவில் பவளப்பாறை வரை கூட்டிப்போவார். ஒன்று மட்டும் கவனம்: ஸ்கூபா முடிந்த கையோடு விமானம் ஏறக்கூடாது, உடம்புக்கு ஆபத்து. நடுவில் ஒரு முழு நாளாவது விடுங்கள். இன்னொன்று, நம் கடிகாரம்தான் அங்கேயும், ஆனால் சூரியன் ரொம்ப முன்னால் போய்விடும். மார்கழியில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்கிறது. காலையில் எட்டு மணி வரை தூங்கினால் பாதி நாள் போச்சு. 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையை அவசியம் பாருங்கள். ஏழு கிளைகளில் இன்று நிற்பவை மூன்றுதான்.

சாப்பாடு என்று வந்தால் அந்தமான் பின்தங்கிவிடுகிறது. மீன் அருமையான மீன்தான், நண்டும் சிங்கி இறாலும் கிடைக்கும். ஆனால் ஹேவ்லாக்கில் பெரும்பாலும் டூரிஸ்டுகளுக்கென்று சமைத்த சாப்பாடு, டூரிஸ்ட் விலை. ஸ்ரீ விஜயபுரத்தின் அபர்தீன் பஜார் பக்கம் நம் இட்லி தோசை கிடைக்கும், பேச்சுத் தமிழும் கேட்கும், மனசுக்கு ஆறுதல். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் சாப்பாடுதான் முதல் காட்சி. நாம் பொன்னியிலேயே வளர்ந்தவர்கள். அங்கே சிவப்பரிசிச் சோறு, பெரிய பருக்கை, மென்று சாப்பிட வேண்டும். காலையில் இடியாப்பத்துக்கு தேங்காய்ப்பால் சொதி, மேலே தேங்காய்ச் சம்பல். இரவில் கொத்து ரொட்டி, நண்டுக் குழம்பு. எங்கேயாவது ஒடியல் கூழ் கிடைத்தால் விடாதீர்கள். காயவைத்த பனங்கிழங்கை இடித்த மாவு, அதில் மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, புளி, அரைத்த செத்தல் மிளகாய், அதாவது நம் காய்ந்த மிளகாய். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள். முதல் வாயில் ஓலை வாசனை, அடுத்து உறைப்பு, கடைசியில் அடியில் தங்கிய நண்டுச் சதை. வேதாரண்யம் பக்கம் பனங்கிழங்கை அவித்துத் தின்று வளர்ந்தவர்களுக்கு, அதே கிழங்கு இப்படியும் ஆகுமா என்று இருக்கும். ஒருவர் சைவம், ஒருவர் அசைவம் என்றாலும் கவலையில்லை, நல்ல சைவக் கடைகள் நிறைய. நல்லூர் முருகன் கோயில் திருவிழா நடக்கும் 25 நாளும் பல வீடுகளில் மீன், கறி சமைப்பதில்லை. நண்டுக்காகப் போகிறவர்கள் ஆடி, ஆவணியைத் தவிர்த்துவிடுங்கள். டிகாஷன் காபிக்கு ஏங்குவீர்கள், பால் டீ பெரும்பாலும் பால்பவுடரில்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே. நல்லூர் கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். கோட்டை போர்த்துக்கீசியர் தொடங்கி டச்சுக்காரர் பெருக்கியது. 1981-ல் எரிக்கப்பட்ட நூலகம் மீண்டும் வெள்ளையாக எழுந்து நிற்கிறது. அதன் முன்னால் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள், போட்டோ அப்புறம் எடுக்கலாம்.

எங்களைக் கேட்டால் யாழ்ப்பாணம்தான். வழி கேட்க, மீன் விலை பேச, பக்கத்து மேசைக்காரரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்க, நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் தேவையில்லை. ஸ்கூபா ஆசை தீராதவர்கள் மட்டும் அந்தமானை முதலில் முடித்துவிடலாம்.

யாழ்ப்பாணம் போனால் நெடுந்தீவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். குறிகட்டுவான் துறையில் காலைப் படகைப் பிடிக்க வேண்டும். பவளக்கல் வேலிகளும், தானாகத் திரியும் குதிரைகளும், இடிந்த டச்சுக் கோட்டையும் பார்க்க வண்டி பேசிக்கொள்ளலாம். நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியதும் சொல்லி வையுங்கள், திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.