வரைவுக்கு எப்போது மதிப்பு வருகிறது? ஐஈடிஎஃப், டபிள்யூ3சி, ஐஎஸ்ஓ

கையில் இருக்கும் தொழில்நுட்பத் தரநிலையின் வரைவை நம்பி நிரல் எழுதலாமா? எந்த அமைப்பின் வரைவு என்பதைப் பொறுத்து இதற்கு விடை மாறும்.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஈடிஎஃப்-இல் யார் வேண்டுமானாலும் இன்டர்நெட் டிராஃப்ட் என்ற வரைவை எழுதிப் பதிவேற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். புதுப்பிக்காமல் விட்டால் ஆறு மாதத்தில் அது காலாவதி. பணிக்குழு ஒன்று அந்த வரைவை ஏற்றுக்கொண்டால், கோப்பின் பெயரில் ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் 'ஐஈடிஎஃப்' வரும். பதிப்பு எண் மறுபடி 00-இல் தொடங்கும். பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் அன்றிலிருந்து அதில் எதை மாற்றுவது என்று முடிவு செய்வது குழு. எழுதியவர் குழுவின் பொதுக் கருத்துக்குக் கட்டுப்பட்ட பதிப்பாசிரியர் மட்டுமே.

இந்த ஏற்பைப் பலர் தரச்சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே இருவழித் தொடர்பைத் திறந்தே வைக்கும் வெப்சாக்கெட் நெறிமுறையின் கதையைப் பாருங்கள். தனிநபர் வரைவின் 76-ஆம் பதிப்பு ஏறக்குறைய அப்படியே 2010-இல் குழுவின் 00 ஆனது. உலாவிகளும் அதைச் சேர்த்தன. இடையில் இருக்கும் சில பிராக்சி சேவையகங்களின் தற்காலிகச் சேமிப்பை அதன் வழியாகக் கெடுக்க முடியும் என்று தெரிந்ததும், அந்த ஆண்டு டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் ஓபராவும் அதை முடக்கின. உலாவி அனுப்பும் தரவை மறைத்து அனுப்பும் முறையோடு 2011 டிசம்பரில்தான் இறுதி ஆவணமான ஆர்எஃப்சி 6455 வந்தது. குழு ஏற்றதால் வரைவு கைமாறியது, ஓட்டை அப்படியே இருந்தது. அப்புறம், ஆர்எஃப்சி எண் வாங்கியதெல்லாம் தரநிலையும் ஆகாது. தகவலுக்காக, சோதனைக்காக என்றும் ஆர்எஃப்சிகள் உண்டு.

வலைத்தளத் தொழில்நுட்பங்களுக்குத் தரநிலை வகுக்கும் டபிள்யூ3சி-யில் முதல் பொது வரைவு வெளியாகும் நாளுக்குச் சட்ட மதிப்பு உண்டு. தன் காப்புரிமை எதையாவது அந்தத் தரநிலைக்காகத் தர வேண்டிய இலவச உரிமத்திலிருந்து விலக்க நினைக்கும் பணிக்குழு உறுப்பினர் அன்றிலிருந்து 150 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். தொழில்நுட்ப உள்ளடக்கத்துக்கு அப்போது எந்த ஒப்புதலும் கிடையாது. வரைவின் முகப்பிலேயே அதை எழுதியிருப்பார்கள். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்5-இன் முதல் பொது வரைவு 2008 ஜனவரியில் வந்தது, 'பரிந்துரை' என்ற இறுதி நிலையை எட்டியது 2014 அக்டோபரில். இடைப்பட்ட ஆறே முக்கால் ஆண்டும் உலகம் வரைவை வைத்தே தளங்களைக் கட்டியது.

பல துறைகளுக்கும் சர்வதேசத் தரநிலை வகுக்கும் ஐஎஸ்ஓ-வில் ஒவ்வொரு நாட்டின் தேசியத் தரநிலை அமைப்புகள் வாக்களிக்கின்றன. 'வரைவு சர்வதேசத் தரநிலை' என்ற கட்டத்தில் வாக்கெடுப்பு 12 வாரம். யார் சரி என்றார்கள் என்பதில் குழப்பமே இல்லை; ஆனால் அந்த வரைவைப் படிக்கவே பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும்.

நிரலருக்கு நான் சொல்வது ஐஈடிஎஃப் வழியைத்தான். தாள் திறந்தே கிடக்கிறது, காலாவதி தேதி முகத்திலேயே தெரிகிறது. இணையத் தொடர்பை மறையாக்கிப் பாதுகாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ் 1.3 இதைச் சரியாகப் பயன்படுத்தியது: வரைவு எண் 28 வரை போனது, சோதனைச் செயலிகள் பதிப்பு எண்ணிலேயே வரைவின் எண்ணைச் சேர்த்து அனுப்பின. 2018 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 8446 வந்தபோது, பழைய வரைவு எதையும் இறுதி வடிவம் என்று தவறாக எடுத்துக்கொள்ள வழியே இருக்கவில்லை.