டச்சப் பேனாவா, கடையில் கலந்த பெயிண்டா: என் வேகன்ஆர் பானட் கதை

அப்பா ஓட்டிய 2014 வேகன்ஆர் இப்போது என்னிடம் இருக்கிறது. நிறம் சில்கி சில்வர். தூத்துக்குடியில் உப்பளத்துப் பக்கம் வீடு. இரும்பு கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் இந்த ஊர்க் காற்று அதை விட்டுவைக்காது. மதுரை ரோட்டில் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டியதில், பானட்டில் ஏழெட்டு இடங்களில் கல் பட்டுப் பெயிண்ட் தெறித்துவிட்டது. கதவில் ஒரு விரல் நீளக் கீறலும் இருந்தது.

பானட்டை முழுசாக அடிக்க டிங்கர் கடையில் 4,000 ரூபாய் கேட்டார்கள். பொட்டுப் பொட்டாக இருக்கும் காயத்துக்காக, அப்பா ஞாயிறுதோறும் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய பெயிண்டைத் தேய்த்தெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஃபேக்டரியில் வெறும் பாடியாக இருக்கும்போது 140 டிகிரி வாக்கில் சூடேற்றிக் காயவைத்த பெயிண்ட் அது. முழு வண்டியை அந்தச் சூட்டில் வெளிக் கடை யாரும் வைக்க முடியாது.

முதலில் ஆன்லைனில் 399 ரூபாய்க்கு ஒரு டச்சப் பேனா வாங்கினேன், பெயிண்ட் போன இடத்தில் தொட்டு வைக்கிற பெயிண்ட் பேனா. லேபிளில் சில்கி சில்வர் என்றே போட்டிருந்தது. வைத்துப் பார்த்தால் பென்சில் கிறுக்கல் போலச் சாம்பல் நிறம். சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள் அடியில் தங்கிவிடுமாம். மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்கி மறுபடி வைத்தேன். கொஞ்சம் தேவலை, ஆனாலும் என் வண்டியின் நிறம் இல்லை. முனை வேறு தடிமன். கடுகளவு காயத்துக்கு மிளகளவு பெயிண்ட் வழிந்தது. தின்னர் தொட்ட துணியால் உடனே துடைத்துவிட்டேன். ஒரே ஒரு பேனாவை வைத்து கம்பெனியை எடைபோடக் கூடாது என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

அப்புறம்தான் பெயிண்ட் மிக்சிங் கடைக்குப் போனேன். பானட்டுக்குள் தகட்டில் இருந்த இசட்2எஸ் என்ற கலர் கோடை, அதாவது நிறத்தின் குறியீட்டைக் காட்டினேன். கடைத் தம்பி, "கோடு மட்டும் போதாதுக்கா, பெட்ரோல் ஊத்துற இடத்து வெளி மூடியைக் கழட்டிக் கொண்டு வாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மூடியின் ஒரு மூலையில் காம்பவுண்டு என்ற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்து, மங்கலுக்கு அடியில் இருந்த நிஜ நிறத்தை எடுத்தான். அதே கோடுக்குக் கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று கலவை வந்தது. ஒன்றைத் தராசில் கிராம் கணக்கில் ஊற்றி, அட்டையில் அடித்து, மேலே கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சும் போட்டு, வெயிலுக்குக் கொண்டுபோய் நேராகவும் சாய்த்தும் பார்த்தான். சாய்வில் கறுத்தது. சில துளி சேர்த்து மறுபடி அடித்தான். முக்கால் மணி நேரம் ஆனது. 100 மில்லிக்குக் குறைந்து கலக்க மாட்டார்கள். கிளியரும் சேர்த்து 480 ரூபாய். ஹார்டனர் கலக்கும் 2கே கிளியர் கேட்டேன். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, சரியான மாஸ்க் இல்லாமல் வீட்டில் ஸ்பிரே செய்தால் நுரையீரலுக்கு ஆகாது என்று அவனே மறுத்து, சாதா கிளியர் கொடுத்தான்.

காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் நிழலில் வைத்து வேலை செய்தேன். பழைய பாலிஷ் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது என்பதால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தேன். இரண்டு பொட்டில் துரு தெரிந்தது. பென்சில் ரப்பரில் வாட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி ஒட்டி, அந்த இடத்தை மட்டும் சுரண்டி, ப்ரைமர் ஒரு பொட்டு. பிறகு பல்குச்சி முனையால் பெயிண்ட், அரை மணி இடைவெளியில் மூன்று முறை. காயக் காயப் பெயிண்ட் குழிக்குள் இறங்கும், ஒரே தடவையில் நிரப்பப் பார்க்கக் கூடாது. மேலே கிளியர் இரண்டு முறை. ஒரு வாரம் விட்டு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மிக லேசாகத் தேய்த்துக் காம்பவுண்டு போட்டேன். ஃபேக்டரி கிளியர் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமன்கூட இராது. இந்தக் கட்டத்தில்தான் கை நடுங்கியது.

பலன்: நேராக நின்று பார்த்தால் பாதிப் பொட்டுகள் எனக்கே கண்ணில் படவில்லை. சாயங்கால வெயிலில் சாய்ந்து பார்த்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது. ஸ்பிரேயில் துகள் தட்டையாகப் படியும், குச்சியில் வைத்தால் அப்படிப் படியாது. சில்வருக்கு இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கதவுக் கீறல் மட்டும் சரியாக வரவில்லை, நூல் ஒட்டியது போல இருக்கிறது. நீளக் கீறல் விழுந்த இடத்துக்கு ஸ்பிரேதான் வழி. ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்கப் போயும் எந்தப் பொட்டிலும் துரு வரவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

மீதிப் பெயிண்டைக் கலர் கோடும் தேதியும் எழுதி இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். அண்ணனிடம் இருப்பதும் சில்கி சில்வர்தான், 2018 மாடல், கொஞ்சம் கொடேன் என்று கேட்டான். உன் பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு அதே கடைக்குப் போ அண்ணா என்று அனுப்பிவிட்டேன்.