ஃபிளாஷ் போன பிறகு: எங்கள் பயிற்சித் தளத்தோடு சில ஆண்டுகள்

கோயம்புத்தூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இயந்திரப் பாதுகாப்பு, தரம், தீயணைப்பு என்று எங்களிடம் 64 ஆன்லைன் மாட்யூல்கள் இருந்தன. அவற்றில் 41, பிரவுசரில் அசைபடமும் ஒலியும் ஓட்டும் அடோபியின் பழைய மென்பொருளான ஃபிளாஷில் செய்தவை. 2020 டிசம்பர் 31 வரைதான் ஃபிளாஷ் என்று அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. நாங்கள் வேலையைத் தொடங்கியது 2020 நவம்பரில். 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட மாட்யூல்கள் வெறும் சாம்பல் நிறக் கட்டமாக நின்றன.

முதலில் கைகொடுத்தது ரஃபிள். பழைய ஃபிளாஷ் கோப்பை எந்த பிளக்-இன்னும் இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே ஓட்டிக்காட்டும் இலவச மென்பொருள் அது. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டின் 1, 2ஆம் பதிப்புகளில் எழுதியவை நன்றாகவே ஓடின. 3இல் எழுதியவை அப்போது பெரும்பாலும் ஓடவில்லை. இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. சும்மா பார்க்க மட்டுமான பாடங்களுக்கு ரஃபிள் போதும். மதிப்பெண்ணைத் தளத்துக்கு அனுப்ப வேண்டிய பாடங்களை அதை நம்பி விட நான் துணியவில்லை.

மூலக் கோப்பு, அதாவது திருத்தக்கூடிய அசல் கோப்பு, இருந்த மாட்யூல்களை பிரவுசர் நேரடியாக ஓட்டும் எச்டிஎம்எல்5 வடிவத்தில் மறுபடி பப்ளிஷ் செய்தோம். 17 மாட்யூல்களுக்கு மூலக் கோப்பே இல்லை. செய்துகொடுத்த நிறுவனம் அதைத் தரவே இல்லை, நாங்களும் கேட்டு வாங்கவில்லை. அவற்றை ஜேபெக்ஸ் என்ற இலவச டீகம்பைலரில் பிரித்து, படங்களையும் ஒலியையும் வெளியே எடுத்தோம். தீயணைப்பு மாட்யூலில் இருந்தது ஓய்வுபெற்ற எங்கள் பாதுகாப்பு அதிகாரியின் குரல். "பதறாதீங்க, முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று அவர் சொல்லும் அந்த 6 நொடி ஒலித்துண்டு தனியாகக் கையில் கிடைத்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புதுக் குரலில் பதிவு செய்துவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை.

அந்தக் குரலும் புது வடிவத்தில் முதல் பக்கத்தில் ஒலிக்கவில்லை. பயனர் எங்காவது ஒரு முறை தொட்ட பிறகுதான் குரோம் ஒலியை விடும், 2018இலிருந்தே அப்படித்தான். எல்லா மாட்யூலுக்கும் முன்னால் 'தொடங்கு' பட்டன் ஒன்றை வைத்தோம், சரியாகிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பழுது. தெரியாத பழுதுதான் ஆட்களைப் பாதித்தது. 2021 ஜூலையில் பிரஸ் ஷாப்பிலிருந்து ஓர் அக்கா வந்தார். "சார், மூணு தடவை முடிச்சுட்டேன். இன்னும் முடிக்கலைன்னே காட்டுது. சூப்பர்வைசர் மெஷின்ல நிக்க விடமாட்டேங்கிறார்." செல்போனை நீட்டினார். மூன்று முறையும் மதிப்பெண் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார்: 90, 95, 95. எங்கள் பதிவில் மூன்றுமே 'முழுமையடையவில்லை'. அவர் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பேக்கிங்கில் நின்றிருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

காரணத்தைப் பிடிக்க 4 நாள் ஆனது. பாடமும் பயிற்சித் தளமும் தகவல் பரிமாறிக்கொள்ள ஸ்கார்ம் என்று ஒரு பொது விதிமுறை உண்டு. எங்கள் மாட்யூல்கள் அதன் 1.2 பதிப்பில் தளத்தோடு பேசுபவை. 'முடித்தார்' என்ற கடைசிச் செய்தியை, ஜன்னலை மூடும் கணத்தில், பதில் வரும்வரை பிரவுசரை நிறுத்திவைத்து அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அது ஓடியது. ஆனால் பக்கம் மூடும்போது அப்படி அனுப்புவதை குரோம் 2020இல் நிறுத்திவிட்டது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. 90 மதிப்பெண்ணைக் காட்டிவிட்டு ஜன்னல் மூடிக்கொள்ளும். செய்தி மட்டும் போய்ச் சேராது. கேள்வித்தாள் முடிந்த உடனேயே பதிவை அனுப்பும்படி மாற்றினோம், ஒவ்வொரு பக்கம் தாண்டும்போதும் அதுவரையான பதிவைத் தளத்தில் சேமிக்கச் சொல்லும் ஒரு கமிட் கட்டளையைச் சேர்த்தோம். அன்றோடு அந்தப் புகார் நின்றது. அந்த அக்காவின் பதிவை நானே திருத்தி, சூப்பர்வைசரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

இதன் தம்பி போல இன்னொன்று. பாதியில் விட்டவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான குறிப்புக்கு ஸ்கார்ம் 1.2 கொடுக்கும் இடம் 4096 எழுத்து. எங்கள் நீளமான மாட்யூல் ஒன்று அதைத் தாண்டியது. 70ஆம் பக்கத்துக்கு மேல் போனவர்கள் திரும்பி வந்தால் முதல் பக்கத்தில் நின்றார்கள். மாட்யூலை மூன்றாக உடைத்தோம். ஸ்கார்ம் 2004இன் பிந்தைய பதிப்புகளில் 64000 எழுத்து வரை இடம் உண்டு, புதிதாகச் செய்பவர்கள் அதையே கேளுங்கள்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை நிரலைக் கேட்கும் பழைய அறிக்கைப் பக்கம் ஒன்று மட்டும் மிச்சம். 2022 ஜூன் 15இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 ஓய்வு பெற்றதும் அதை எட்ஜ் பிரவுசரின் ஐஇ மோடுக்கு, அதாவது எட்ஜுக்குள்ளேயே பழைய எக்ஸ்ப்ளோரர் போல ஓட்டும் வசதிக்கு, மாற்றினோம். இன்றுவரை தொந்தரவு இல்லை. 2029 வரையாவது அந்த மோடு இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதற்காக அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனமில்லை, அடுத்த பட்ஜெட்டில் கேட்டிருக்கிறேன்.

இப்போது வெளியில் மாட்யூல் செய்யக் கொடுத்தால், மூலக் கோப்பு கைக்கு வந்த பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போடுகிறேன். அப்புறம் பிரஸ் ஷாப்பில் இருக்கும் அதே பழைய கணினியில் உட்கார்ந்து, பாடத்தை முழுதாக முடித்து, எந்தப் பட்டனையும் தொடாமல் ஜன்னலைப் பட்டென்று மூடுகிறேன். தளத்தில் என் பெயருக்கு நேராக 'முடித்தார்' என்று வந்தால்தான் ஆட்களுக்குத் திறந்துவிடுகிறேன்.