காரில் யூஎஸ்பி போர்ட் பொருத்தப் போகிறவர்களுக்கு: 1,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய தலைவலி

என்னுடைய கார் 2013 மாடல், செகண்ட் ஹேண்ட். சார்ஜ் போட ஒரே ஒரு சிகரெட் லைட்டர் சாக்கெட். அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி போக வேண்டியிருந்ததால், சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் டாஷ்போர்டிலேயே இரட்டை யூஎஸ்பி போர்ட் வைக்கச் சொன்னேன். நீல எழுத்தில் வோல்ட் காட்டும் சின்ன டிஸ்ப்ளேவும் அதிலேயே இருந்தது. அட்டையில் ‘38 வாட்ஸ் ஃபாஸ்ட் சார்ஜிங்’. பொருத்தும் கூலியோடு 1,800 ரூபாய். காரில் டாஷ்கேமும் (முன்னால் சாலையைப் படம் பிடிக்கும் சின்னக் கேமரா) இருந்தது. “டாஷ்கேமையும் இதுலயே சொருகிடுங்க மேடம், வண்டிய ஆஃப் பண்ணா தானா ஆஃப் ஆயிடும்” என்றார் பொருத்திய தம்பி. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டு தாண்டும்போது போனில் 54 சதவீதம். மேப் ஓடுகிறது, சார்ஜ் ஏறுவதாக மின்னல் அடையாளமும் தெரிகிறது. விழுப்புரத்தில் பார்த்தால் 38. திருச்சியில் 11. விராலிமலை வருவதற்குள் போன் அணைந்தே போனது. மதுரை பைபாஸில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அம்மா டீக்கடையில் இறங்கிக் கேட்டு வந்து சொன்னார். அவருக்கு அதில் சந்தோஷம்தான், எனக்குத்தான் எரிச்சல்.

திரும்பி வந்து காரை ஐந்து நாள் எடுக்கவில்லை. ஆறாம் நாள் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பி, தெரு முனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும் சிரித்தார். ஸ்டீரியோவுக்குப் பின்னால் மஞ்சள் ஒயர், சிவப்பு ஒயர் என்று இரண்டு வருகின்றன. மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், ஸ்டீரியோவின் மெமரிக்காக. சிவப்பில் சாவி திருப்பினால்தான் கரண்ட் வரும். அந்தத் தம்பி மஞ்சளைச் சீவி, போர்ட்டின் ஒயரை அதில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார். நடுவில் ஃபியூஸ் இல்லை. வெயிலில் டேப்பின் பசை இளகி, பாதி ஒயர் வெளியே தெரிந்தது. பக்கத்திலேயே டாஷ்போர்டின் இரும்புத் தாங்கி. உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேட்டரி இறங்கிய கணக்கும் அப்போதுதான் புரிந்தது. சாவியை எடுத்த பிறகும் அணையாத டாஷ்கேம், கார் பேட்டரியிலிருந்து சுமார் 0.2 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு ஐந்து ஆம்பியர்-மணி என்றால் ஐந்து நாளில் 25. என் சின்னக் காரின் பேட்டரியுடைய முழுக் கொள்ளளவே 35தான், அதுவும் பழசு.

அப்புறம் அந்த 38 வாட்ஸ். அண்ணனிடம் யூஎஸ்பி மீட்டர் இருந்தது. போனை மட்டும் மாட்டினால் 4.7 வோல்ட், 0.6 ஆம்பியர். டாஷ்கேமையும் சேர்த்தால் போனுக்கு 4.5 வோல்ட், 0.3 ஆம்பியர். ஒன்றரை வாட்ஸ்கூட இல்லை! மேப்பைத் திறந்து வைத்து ஸ்கிரீனை முழு வெளிச்சத்தில் விட்டால் போன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தின்னும். மின்னல் அடையாளம் பொய் சொல்லவில்லை. ஏறியதைவிடச் செலவு அதிகம், அதுதான் விஷயம். போர்ட்டைப் பிரித்தால் உள்ளே 34063 என்று எண் போட்ட எட்டுக் கால் சிப் ஒன்று. பல வருடமாக மலிவு சார்ஜர்களில் வருவதுதான். அதன் உள்ளே ஓடக்கூடிய உச்ச கரண்டே 1.5 ஆம்பியர், வெளியே கிடைப்பது அதைவிடக் குறைவு. ஃபாஸ்ட் சார்ஜிங் என்றால் பெரும்பாலும் போனும் சார்ஜரும் பேசிக்கொண்டு வோல்டேஜை 9 வரைக்கும் ஏற்றும். இது 5-ஐயே எட்டவில்லை.

கடைக்குப் போனேன். “உங்க போன் பேட்டரி வீக் மேடம்” என்றார் முதலாளி. மீட்டர் போட்டோவைக் காட்டியதும் “அதையே வேற பீஸ் மாத்தித் தரேன்” என்றார். பணம் திரும்பக் கிடையாதாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பில் கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ ‘எலக்ட்ரிகல் ஒர்க் 1,800’ என்று பேனாவில் கிறுக்கிய துண்டுச் சீட்டு. கடை முத்திரைகூட இல்லை. அதை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது என் முட்டாள்தனம்தான்.

நீங்கள் பொருத்துவதானால் வேலை முடிந்ததும், கடையை விட்டுக் கிளம்பும் முன் சாவியை உருவிவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். போர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். அட்டையில் போட்டிருக்கும் வாட்ஸ் பெரும்பாலும் இரண்டு போர்ட்டையும் கூட்டிப் போட்ட எண். ஒரு போர்ட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது பழைய லைட்டர் சாக்கெட்டிலேயே 30 வாட்ஸ் PD (பவர் டெலிவரி என்ற ஃபாஸ்ட் சார்ஜிங் முறை) சார்ஜர் ஒன்று சொருகியிருக்கிறேன். மீட்டரில் 9 வோல்ட், 2 ஆம்பியர் காட்டுகிறது. டாஷ்கேமுக்குச் சிவப்பு ஒயரிலிருந்து ஃபியூஸோடு தனி லைன் இழுத்துக் கொடுத்தார் அண்ணன். டாஷ்போர்டில் அந்தத் தம்பி துளைத்த ஓட்டையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா ஒரு மாத்திரை பாட்டில் மூடியை வைத்து அடைத்திருக்கிறார். அளவு கச்சிதம்.