வேளாண் அமைப்புகள் மேலாண்மைப் பட்டம்: சிங்கப்பூரிலிருந்து போய்ப் படித்தவளின் மதிப்பீடு

தானியம், இயந்திரம், கிடங்கு, கணக்கு ஆகியவற்றில் மனம் போகிறவர்களுக்கு இந்தப் பட்டம் மிக நல்லது. செடி வளர்க்கும் ஆசையில் இதை எடுப்பவர்கள் முதல் ஆண்டிலேயே வருந்துவார்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். அந்த ஒரு மதிப்பெண்ணை எங்கே குறைத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

நான் ஈசூனில் வளர்ந்தவள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திர மின்னணுவியல் பட்டயம் முடித்த பிறகு, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது ஜூரோங் பக்கம் ஓர் அரிசி இறக்குமதி நிறுவனத்தின் கிடங்கில் சரக்கின் தரத்துக்கும் இருப்புக்கும் பொறுப்பாக இருக்கிறேன். தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமா அப்போது கேட்டார்: “வயலே இல்லாத ஊரிலிருந்து உழவு படிக்கப் போகிறாயா, அம்மா?” பெற்றோர் பலர் இன்றும் என்னிடம் கேட்பது இதைத்தான்.

உழவு படிக்கப் போகவில்லை. விளைந்த பொருள் வயலிலிருந்து வாடிக்கையாளர் கைக்கு வரும்வரை இயந்திரம், மின்சாரம், நீர், சேமிப்பு, ஆள், பணம் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து ஓட வேண்டும். அதை ஓட வைப்பதுதான் பாடம். 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம் என்ற அமெரிக்கச் சட்டத்தால் நிலக்கொடை பெற்று வளர்ந்த மாநிலப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பர்டியூ, மிசூரி, டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆகியவை அந்த மரபில் வந்தவை. வேளாண் பொறியியல் துறையின் கீழேயே பெரும்பாலும் இது நடக்கும். அடுத்த வகுப்பறையில் பொறியியல் மாணவர்கள் இயந்திரத்தை வடிவமைக்கக் கற்பார்கள். நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவும், ஓட்டவும், பழுது பார்க்கவும், அது சம்பாதிக்கிறதா தின்கிறதா என்று கணக்குப் போடவும் கற்போம். நுண்கணிதம் குறைவு, கணக்கியலும் சந்தைப்படுத்தலும் அதிகம். தொழில்முறைப் பொறியாளர் உரிமம் வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு வேளாண் பொறியியலே வழி. இதைச் சேரும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இயந்திர மேலாண்மைப் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. விதைப்புக் கருவியின் அகலம் 30 அடி, டிராக்டரின் வேகம் மணிக்கு 5 மைல். திரும்புவது, விதை நிரப்புவது எல்லாம் போக நேரத்தில் 70 விழுக்காடுதான் பயன்படுகிறது. மூன்றையும் பெருக்கி (30 × 5 × 0.70), அடியையும் மைலையும் ஏக்கராக்கும் எண்ணான 8.25ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 12.7 ஏக்கர். மழைக்கு முன் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று தெரிந்தால், பெரிய கருவிக்குக் கடன் வாங்கலாமா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். இந்த எண்ண ஓட்டத்தை நான் இன்று கொள்கலன் இறக்கும் தளத்திலும் ஃபோர்க்லிஃப்ட் எண்ணிக்கையிலும் அப்படியே பயன்படுத்துகிறேன். திரவ அழுத்தம், மோட்டார் கட்டுப்பாடு, செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஓடும் டிராக்டர், மண் அரிப்புத் தடுப்பு எல்லாம் நன்றாகவே நடத்தினார்கள். பட்டயம் முடித்து வந்த எனக்கு முதல் இரண்டும் எளிதாக இருந்தன.

தானிய உலர்த்தலும் சேமிப்பும் என்ற பாடத்துக்காக மட்டுமே நான் மறுபடியும் பணம் கட்டுவேன். மக்காச்சோளத்தை 20 விழுக்காடு ஈரப்பதத்தில் அறுத்தால், கிடங்கில் வைக்க 15க்குக் கொண்டுவர வேண்டும். ஆயிரம் கிலோ உள்ளே போனால் வெளியே வருவது 941 கிலோ. காணாமற்போன 59 கிலோவும் தண்ணீர்தான். யாரும் திருடவில்லை. ஆனால் உலர்த்தியில் இரண்டு விழுக்காடு கூடுதலாகக் காயவிட்டால் இன்னும் இருபது கிலோவுக்கு மேல் காற்றில் போய்விடும், அதற்கு எரிவாயுவும் செலவாகியிருக்கும்.

இந்தக் கணக்கை நான் விடுமுறையில் வந்தபோது மாமாவிடம் அரிசிக்குப் போட்டுக் காட்டினேன். 14 விழுக்காடு ஈரப்பதத்தில் 25 டன் அரிசி வாங்கி, அது 12.5க்கு வறண்டால் கையில் இருப்பது 24.57 டன். சுமார் 430 கிலோ குறைவு. மூட்டை எடை குறைந்து வரும்போதெல்லாம் ஏற்றிவிட்டவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர், பேனாவை வாங்கி அதே கணக்கைத் தானே இன்னொரு முறை போட்டார். பிறகு, “அப்படியானால் வாங்கும்போதே ஈரத்தை அளக்க வேண்டும்” என்றார். ஈரப்பதமானி இப்போது அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உழவு பற்றிய கேள்வியை அவர் மீண்டும் கேட்கவில்லை.

பாதுகாப்புப் பயிற்சியையும் சொல்ல வேண்டும். ஓடும் தானியத்தில் நிற்கும் மனிதர் சில நொடிகளில் முழங்கால்வரை சிக்குவார். அரை நிமிடத்துக்குள் முழுதாகப் புதைந்துவிடலாம். அதனால் சைலோ எனும் தானியக் கோபுரத்துக்குள் இறங்கும் முன் இறைக்கும் இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும், உடலில் பாதுகாப்புப் பட்டையும் அதோடு கட்டிய கயிறும் வேண்டும், வெளியே ஒருவர் கண்காணிக்க வேண்டும். டிராக்டரின் பின்புறச் சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். தளர்ந்த சட்டை நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது. எங்கள் ஆசிரியர் இவற்றை மனப்பாடம் செய்ய விடவில்லை, பூட்டை எங்கள் கையில் கொடுத்து ஒவ்வொருவரையும் செய்ய வைத்தார். கிடங்கில் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இனி அந்த ஒரு மதிப்பெண். பாடம் முழுவதும் குளிர்காலத்தை நம்பி எழுதப்பட்டது. அங்கே இலையுதிர்காலம் வந்ததும் விசிறியைப் போட்டுக் குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பினால் பூச்சி அடங்கிவிடும். இங்கே அப்படிப்பட்ட இரவே கிடையாது. 28, 30 பாகைச் சூட்டில் அரிசி வண்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறையைப் பெருக்கிவிடும், ஆண்டு முழுவதும். இறுக மூடிய உறைக்குள் அடுக்கி வைப்பது, பூச்சியைக் கொல்லும் பாஸ்ஃபீன் வாயுப் புகையூட்டலில் கசிவே இல்லாமல் பார்த்துக்கொள்வது, அரைகுறைப் புகையூட்டலுக்குத் தப்பிய வண்டுகள் மருந்துக்கே பழகிவிடுவது என வெப்பமண்டலக் கிடங்குக்கு வேண்டிய எதற்கும் நான் படித்த இடத்தில் தனி வகுப்பு இல்லை. காக்கிநாடாவிலிருந்து வரும் கொள்கலனில் இரவில் கூரை குளிர்ந்து, நீராவி துளியாகி மேல் மூட்டைகளில் சொட்டும். சுவரிலும் கூரையிலும் கனத்த காகிதம் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட வேண்டும் என்பதை வேலையில்தான் கற்றேன்.

வெளிநாட்டு மாணவர்களுக்கான வேலை வழிகாட்டலும் மெலிந்திருந்தது. ஆலோசனை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அந்த மாநிலத்து டிராக்டர் விற்பனையாளர்களையும் தானியக் கூட்டுறவுகளையும் நன்றாகத் தெரியும்; ஆசியாவைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். படிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் வேலை பழக 12 மாத அனுமதி கிடைக்கும். அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு உங்கள் படிப்புக்குத் தரப்பட்ட குறியீட்டைப் பொறுத்தது. ஒரே பெயருள்ள பட்டத்துக்கு வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு குறியீடு இருக்கலாம், ஆகவே கட்டணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்மாநில மாணவரைவிட நாம் பல மடங்கு கட்டணம் கட்டுகிறோம். இதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

வேலைக்கு வருகிறேன். அங்கே என்னோடு படித்தவர்கள் பெரும்பாலும் இயந்திர விற்பனை நிலையங்களில் சேவை மேலாளராகவும், துல்லிய வேளாண்மை வல்லுநராகவும், தானிய நிறுவனங்களில் கிடங்குப் பொறுப்பாளராகவும் சேர்ந்தார்கள். சிங்கப்பூரில் பலரும் முதலில் நினைப்பது, கட்டடத்துக்குள் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கும் அடுக்குப் பண்ணையைத்தான். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காடு உள்ளூரில் விளைய வேண்டும் என்று 2019இல் வைத்த இலக்கை அரசாங்கம் 2025 நவம்பரில் மாற்றிவிட்டது. 2035க்குள் காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடும், முட்டை, கடலுணவு ஆகிய புரதத்தில் 30 விழுக்காடும் உள்ளூரில் விளைய வேண்டும் என்பது புதிய இலக்கு. இடையில் சில பண்ணைகள் மூடப்பட்டன. மின்கட்டணமும் வாடகையும் கீரை விலையோடு ஒத்துவரவில்லை. பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங்கில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் குறைவு. விளக்கொளியில் கைலான் கீரை வளர்க்கும் பண்ணைக்கு இந்தப் பட்டதாரி மிகவும் தேவை. குளிரூட்டி, பம்பு, விளக்கு மூன்றின் செலவையும் ஒரே தாளில் பார்க்கத் தெரிந்தவர் அங்கே அரிது.

நான் காட்டும் திசை வேறு. வேளாண் பொருள் வணிகத்தில் பெரிய நிறுவனங்களான வில்மாருக்கும் ஓலத்துக்கும் தலைமையகம் இங்கேதான். கார்கில், பங்கி, லூயி டிரைஃபஸ் ஆகியவற்றுக்கும் இங்கே அலுவலகம் உண்டு. திரையில் விலை பார்ப்பவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் கப்பலில் ஏறிய சோளம் ஏன் சூடாகிறது என்று சொல்லக்கூடியவர் எண்ணிச் சொல்லும் அளவே. அரசாங்கத்தின் அரிசி இருப்புத் திட்டத்தின் கீழ் வரும் அரிசியை இறக்குமதி செய்கிறவர்கள், மாத இறக்குமதியின் இரு மடங்கை இருப்பாக வைத்திருக்க வேண்டும். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும், 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியதும் நம் வீட்டு அடுப்படிவரை வந்த செய்திகள். அந்த வாரங்களில் தேக்காவில் மூட்டை மூட்டையாக வாங்கிப் போனவர்களைப் பார்த்தவர்களுக்கு, கிடங்கில் கிடக்கும் அரிசி கெடாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த வேலையில் பெருமை உண்டு, அதைத் தயங்காமல் சொல்வேன்.

தேர்வுப் பாடங்களில் உணவுப் பதப்படுத்தல், குளிர்சங்கிலி, பண்டச் சந்தை மூன்றையும் விட்டுவிடாதீர்கள். விடுமுறைப் பணிப்பயிற்சியை டிராக்டர் கடையில் செய்வதைவிடத் தானியக் கிடங்கில் செய்வது சிங்கப்பூருக்குத் திரும்புகிறவர்களுக்குப் பயன்படும். அறுவடைக் காலத்தில் வேலை நேரம் கடுமையாக இருக்கும், போகட்டும்.

கீரை வளர்ப்பதில்தான் மனம் என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி நகர்ப்புற வேளாண் தொழில்நுட்பத்தில் சிறப்புப் பட்டயம் நடத்தி வந்திருக்கிறது. அது இப்போது எந்த வடிவில் இருக்கிறது என்று விசாரியுங்கள். மீன் என்றால் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகத்தில் மீன்வளர்ப்பைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம், வீட்டிலிருந்தே போய் வருவதால் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் குறையும்.